கடற்கரை–தாம்பரம்: ஊர்களை உண்டாக்கிய முப்பது கிலோமீட்டர்

நம் சங்க மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது நம்மூரான குரோம்பேட்டை ரயில் நிலையத்தின் வரலாறு. நான் எழுதிக் கொடுப்பது கடற்கரை–தாம்பரம் தடத்தின் வரலாறு. நிலையத்தைப் பற்றி மட்டும் எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட நிரம்பாது. அதன் நல்லது கெட்டது எல்லாமே வடக்கிலும் தெற்கிலும் ஓடும் தண்டவாளத்தோடு சேர்ந்தது. ஆகவே குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு முனைகளையும் சேர்த்து 18 நிலையங்கள். நாட்டின் ரயில் வரைபடத்தில் தேடிப் பார்த்தால் கண்ணுக்கே தட்டுப்படாத நீளம்தான். ஆனால் எழும்பூரைத் தாண்டித் தெற்கே வந்தால் ஒன்று தெரியும். இந்த ஊர்களில் பாதிக்கு மேல், ஊர் பெருத்ததால் ரயில் வந்ததில்லை. ரயில் இருந்ததால்தான் ஊரே பெருத்தது. முதல் ரயில் இந்தப் பக்கம் புகைவிட்டுக்கொண்டு போன நாளில் குரோம்பேட்டை என்று ஒரு பெயரே கிடையாது.

தடம் போட்டது ஆங்கிலேயக் கம்பெனி. தென்னிந்தியாவில் ரயில் நடத்திக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகள் 1874-ல் ஒன்றாகி 'தென்னிந்திய ரயில்வே' ஆயின. தலைமையகம் திருச்சி. செலவைக் குறைக்க அவர்கள் தேர்ந்தெடுத்தது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர்தான். சென்ட்ரலிலிருந்து புறப்பட்ட அகலப்பாதையில் அது 1,676 மில்லிமீட்டர். ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. அதனால் சென்னை நகரத்துக்கே இரண்டு வாசல்கள் ஏற்பட்டன: வடக்கே, மேற்கே போகிறவர்களுக்கு சென்ட்ரல், தஞ்சாவூர், மதுரை, தூத்துக்குடி போகிறவர்களுக்கு எழும்பூர். இன்று நாம் பார்க்கும் எழும்பூர்க் கட்டடம் 1908-ல் திறக்கப்பட்டது. வரைபடம் ஹென்றி இர்வின். கட்டியவர் சாமிநாதப் பிள்ளை என்ற ஒப்பந்தக்காரர். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, இலங்கைக்குப் போகிறவர்கள் ஏறிய போட் மெயிலும் இங்கிருந்துதான் கிளம்பி, நம் கொல்லைப்புறமாகத் தனுஷ்கோடிக்குப் போனது.

தடம் எழும்பூரோடு முடியாமல் கடற்கரை நிலையம், அதாவது பீச் வரை போனதுதான் முக்கியமான விஷயம். துறைமுகம், பாரிமுனை, ஹைகோர்ட், பெரிய கம்பெனி அலுவலகங்கள் எல்லாம் அந்த முனையில். காலையில் அங்கே போய்ச் சேர வேண்டியவனுக்கு, அவன் வீடு எந்தத் திசையில் இருந்தால் வசதி என்பதை இந்தத் தடம் தீர்மானித்தது. நகரத்துக்குள் 1895 முதல் எலெக்ட்ரிக் டிராம் ஓடிக்கொண்டிருந்தது உண்மைதான். இந்தியாவிலேயே முதலில் ஓடியது அதுதான். ஆனால் டிராம் பழைய நகரத்தின் எல்லையைத் தாண்டிப் பல்லாவரம் வரையெல்லாம் வரவில்லை.

நீராவி எஞ்சினை வைத்துக்கொண்டு அடிக்கடி வண்டி விட முடியாது. எஞ்சின் ஒரு முனையில்தான் இருக்கும். கடைசி நிலையத்துக்கு வந்ததும் அதைக் கழற்ற வேண்டும், பக்கத்துத் தடத்தில் ஓட்டி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும், இடையில் தண்ணீர் பிடிக்க வேண்டும், கரி போட வேண்டும். நிலையத்துக்கு நிலையம் நின்று கிளம்பும் உள்ளூர் வண்டிக்கு நீராவி எஞ்சின் வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். மின்சார யூனிட்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மோட்டார் பெட்டிக்கு அடியிலேயே இருக்கிறது. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கிறது. தாம்பரம் வந்து சேர்ந்ததும் மோட்டார்மேன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்து அந்தக் கோடிக்குப் போவார். கார்டு இந்தக் கோடிக்கு வருவார். அவ்வளவுதான், வண்டி திரும்பிவிட்டது. நம் தெற்குப் புறநகரின் வளர்ச்சிக்குப் பெரிய பெரிய காரணங்கள் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், மோட்டார்மேனின் இந்தச் சின்ன நடையை முதலில் சொல்வேன்.

இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாயில் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. அடுத்து மின்சார ரயில் பார்த்த நகரம் நம்முடையது. 1931 ஏப்ரலில் ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி தொடக்க விழா நடத்தினார். மே 11, திங்கட்கிழமை முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. 1,500 வோல்ட் நேர்மின்சாரம். பம்பாயிலும் அதே அழுத்தம்தான், ஆனால் அது அகலப்பாதை. மீட்டர் கேஜில் மின்சார ரயில் என்பது இந்தியாவில் இங்கே மட்டும்தான். கடைசி வரையிலும் வேறெங்கும் வரவில்லை.

யூனிட்டுகளைப் பராமரிக்கத் தாம்பரத்தில் கார் ஷெட் அமைந்தது. சரக்கு இழுக்கவும் ஷண்டிங்குக்கும் சில மின்சார எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றில் ஒரு விநோதம்: யார்டுக்குள் எல்லாத் தடத்துக்கும் மேலே கம்பி போடவில்லை. கம்பி இல்லாத இடத்துக்குள் எஞ்சின் எப்படிப் போகும்? பேட்டரி நிரப்பிய ஒரு வண்டியைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனது. இன்றைக்கு பேட்டரி வண்டி என்று ஊரெல்லாம் பேச்சு. தாம்பரம் யார்டுக்கு அது பழங்கதை. அந்த எஞ்சின் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டெல்லி போகும் நம்மூர்க்காரர்கள் தாஜ்மகாலுக்கு ஓடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

இனி ஊர்களைப் பற்றி.

தியாகராய நகர் இருக்கும் இடம் முன்பு ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை பிறை போல வளைந்து கிடந்த பெரிய ஏரி. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1923-ஐ ஒட்டி, அதைத் தூர்த்து மனை பிரித்தார்கள். கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர் நகருக்கு வைக்கப்பட்டது. முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயர் பூங்காவுக்கு. மனை வாங்கியவர்கள் வீடு கட்டிக் குடிவந்துகொண்டிருந்தபோது மின்சார ரயிலும் வந்து சேர்ந்தது. தண்டவாளத்துக்குக் கிழக்கே தி. நகர், மேற்கே மேற்கு மாம்பலம். ஒரே ஏரியைச் சுற்றி எழுந்த பகுதிகள். ரயில் நடுவில் ஓடி அவற்றைப் பங்காளிகள் மாதிரிப் பிரித்துவிட்டது. கிழக்கே துணிக்கடையும் நகைக்கடையும். மேற்கே வாடகை வீடும் மெஸ்ஸும் கல்யாண மண்டபமும். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று இன்றும் ஒரு தெரு இருக்கிறது. ஏரிதான் இல்லை. ரங்கநாதன் தெருவின் கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் தீபாவளிக்கு எழுதுகின்றன. அந்தத் தெருவின் ஒரு முனை மாம்பலம் ஸ்டேஷனில் முட்டுகிறது என்பதுதான் அந்தக் கூட்டத்தின் முழு விளக்கமும். செங்கல்பட்டிலிருந்து வருகிறவர் வண்டியை விட்டு இறங்கியதும் கடைக்குள் நிற்கிறார்.

கோடம்பாக்கத்துக்கு சினிமா. 1940களின் கடைசியில் ஏவி.எம். அங்கே நிலைகொண்டது, பக்கத்தில் வாகினி, இன்னும் பல ஸ்டூடியோக்கள். தி. நகரிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் ஸ்டூடியோவுக்குப் போகிற கார்கள் கோடம்பாக்கம் லெவல் கிராசிங்கைத் தாண்டியாக வேண்டும். கேட் சாத்தினால் யாராக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். நட்சத்திரங்களை ஓசியில் பார்க்க கேட்டருகே ஒரு கூட்டம் நிற்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1960களில் மேம்பாலம் கட்டினார்கள். போக்குவரத்துக்கு நல்லது நடந்தது, ரசிகர்களுக்கு நஷ்டம்.

கிண்டிக்கு 1958-ல் தொழிற்பேட்டை வந்தது. காமராஜர் முதலமைச்சர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். லேத் ஓட்டவும் ஃபவுண்டரியில் வார்க்கவும் ஆள் வேண்டும். ஆள் சைதாப்பேட்டையிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் ஷிப்டுக்கு ஷிப்டு ரயிலில் வந்து இறங்கினார்கள்.

தாம்பரம் சானடோரியம் காசநோய் மருத்துவமனையால் பெயர் பெற்ற நிலையம். காற்றோட்டமும் வெயிலும் ஓய்வும்தான் காசநோய்க்கு மருந்து என்றிருந்த காலம் அது. இங்கிலாந்தில் புகழோடு இருந்த டாக்டர் டேவிட் சௌரி முத்து ஊர் திரும்பி, 1928-ல் தாம்பரம் அருகே காட்டுப் பக்கமாக இடம் பார்த்து சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நோயாளியைப் பார்க்க வாரம் ஒருமுறை வந்து போகும் குடும்பங்களுக்கு இந்த ரயில் இல்லாவிட்டால் வேறு கதி ஏது?

அதே 1937-ல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்து இடநெருக்கடியை விட்டுத் தாம்பரத்தின் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. பழைய இடம் பீச் ஸ்டேஷன் பக்கம், புதிய இடம் தாம்பரம் ஸ்டேஷன் எதிரில். தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு கல்லூரியே போய்ச் சேர்ந்தது. மின்சார ரயில் ஓடத் தொடங்கி ஆறே ஆண்டு. இந்த வசதி இல்லாமல் அந்தத் துணிச்சல் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். பல்லாவரத்துக்குத் தெற்கே 1912-ல் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் 'குரோம் லெதர் கம்பெனி' தொடங்கினார். அதுவரை இங்கே தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையால். வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோமியம் உப்பில் போட்டால் சில நாளில் வேலை முடிந்துவிடும். அந்தத் தொழிற்சாலையின் பெயரிலிருந்துதான் குரோம்பேட்டை. சாமியார் பெயரோ, மன்னர் பெயரோ, மரத்தின் பெயரோ இல்லாமல், ஒரு ரசாயன உப்பின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டிருக்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறு இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

1949-ல் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு நம்மூரில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை நிறுவினார். அரசு கல்லூரிகளில் அப்போது இல்லாத விமானப் பொறியியல், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் சொல்லிக்கொடுத்த இடம். ஏ.பி.ஜே. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் 1950களில் அங்கே படித்தார்கள். நகரத்துக்குப் போய்ப் புத்தகம் வாங்கவும் சினிமா பார்க்கவும் அந்தக் கால மாணவர்களுக்கு எலெக்ட்ரிக் டிரெயின்தான் கைகொடுத்தது. ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் எப்போது வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

1951 ஏப்ரல் 14 அன்று தென்னிந்திய ரயில்வே மற்ற இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. பயணிக்கு இதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது 1967-ல். நேர்மின்சாரத்துக்குக் கனமான கம்பியும் நிறையத் துணை மின்நிலையங்களும் வேண்டும்; தூரம் போனால் அழுத்தம் குறையும். 25,000 வோல்ட் மாறுமின்சாரம்தான் இனி நாட்டுக்கு என்று ரயில்வே 1950களிலேயே முடிவெடுத்திருந்தது. அதன்படி 1967 ஜனவரி 15, பொங்கலை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, கடற்கரை–தாம்பரம் தடம் புதிய மின்சாரத்துக்கு மாறியது. புதிய யூனிட்டுகளைப் பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டிக் கொடுத்தது. கம்பியும் தாம்பரத்தோடு நிற்காமல் விழுப்புரம் வரை நீண்டது. ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின்கள் அந்தத் தூரம் வரை வண்டி இழுத்தன. 1977-ல் வைகை எக்ஸ்பிரஸ் வந்ததும் மதுரைக்கு ஒரு பகல் போதும் என்றானது. எக்ஸ்பிரஸ் போகட்டும் என்று உள்ளூர் வண்டியை ஓரமாக நிறுத்தும் வழக்கம் மட்டும் எந்தக் காலத்திலும் மாறவில்லை.

மீட்டர் கேஜ் வண்டியில் போனவர்களுக்கு அதன் சைஸ் நினைவிருக்கும். பெட்டி அகலம் குறைவு. எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அந்த நெருக்கத்தில்தான் சீசன் டிக்கெட்காரர்களின் உலகம் உருவானது. அதே வண்டி, அதே பெட்டி, அதே ஜன்னல். சைதாப்பேட்டையில் ஏறுகிறவருக்காக மடியில் பையை வைத்து இடம் பிடிப்பது, சீட்டுக்கச்சேரி, கைமாறும் பேப்பர், லேடீஸ் பெட்டியில் கீரை ஆய்வதும் பூ கட்டுவதும், முறுக்கு விற்கும் பார்வையற்றவர் குரலை வைத்தே வண்டி எந்த நிலையம் தாண்டியது என்று கண்டுகொள்வது. கல்யாணப் பேச்சுகள்கூட இங்கே தொடங்கி முடிந்திருக்கின்றன. ஊழியர் சங்கக் கூட்டத்துக்குப் போகாதவன்கூட இங்கே அரசியல் பேசினான்.

1990களில் மீட்டர் கேஜுக்குப் பக்கத்திலேயே அகலப்பாதை போட்டார்கள். சில ஆண்டு இரண்டும் அக்கம்பக்கமாக ஓடின. 2004 ஜூலைத் தொடக்கத்தில் கடைசி மீட்டர் கேஜ் யூனிட் ஓடி ஓய்ந்தது. 73 ஆண்டு உழைப்பு. அகலமான பெட்டிகள் வந்தன, வண்டிகள் கூடின, கூட்டம் அதற்கும் மேலாகக் கூடியது.

குறைகளைச் சொல்லாமல் வரலாறு எழுதினால் அது விளம்பரம். இந்தத் தடம் உயிர்களையும் வாங்கியிருக்கிறது. தண்டவாளத்தைக் கடந்து செத்தவர்களுக்குக் கணக்கு வைத்து மாளாது. நம்மூரிலேயே ராதா நகர் சுரங்கப்பாதைக்காக ஒரு தலைமுறை மனுக் கொடுத்தது. 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் பிளாட்பாரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. 2018 ஜூலை 24 அன்று, எக்ஸ்பிரஸ் போகும் தடத்துக்குத் திருப்பிவிடப்பட்ட புறநகர் வண்டியில் ஃபுட்போர்டில் தொங்கி வந்தவர்கள் பரங்கிமலையில் பக்கச் சுவரில் மோதி விழுந்து இறந்தார்கள். தொங்கியது அவர்கள் தவறு என்று சொல்லிவிடுவது சுலபம். உள்ளே நிற்க இடம் இருந்தால் எவன் தொங்குவான்?

நிலையத்தை விட்டு வெளியே வருவதும் இங்கே ஒரு தனிப் பாடு. மாம்பலத்திலிருந்து தி. நகர் பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் நீள நடைமேம்பாலம் 2023 மே மாதம்தான் வந்தது. தடத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ வந்துவிட்டது. விமான நிலையத்துக்கு இப்போது அதில் போகலாம். இருந்தாலும் விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் ஐந்து ரூபாய் டிக்கெட்டில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கிறவர்கள் குறையவில்லை. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது தடம் போடுவதற்காக 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். மீண்டும் பீச் வரை விட 14 மாதம் ஆனது. 2025 ஏப்ரல் 19 முதல் குளிர்சாதன வண்டியும் ஓடுகிறது. கதவு தானாக மூடிக்கொள்ளும். யாரும் தொங்க முடியாது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய்.

அதைக் குறை சொல்ல மாட்டேன். நம் வெயிலுக்கு அது வேண்டியதுதான். ஆனால் ஒரு சாதாரண வண்டியை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் குளிர்சாதன வண்டியை விடுவது கூடாது. வீட்டு வேலைக்குப் போகிறவரும், கடையில் பில் போடுகிற பெண்ணும், கட்டட வேலைக்காரரும், கல்லூரிப் பையனும் ஐந்து ரூபாயிலும் சீசன் டிக்கெட்டிலும் போக முடிந்ததால்தான் இந்தத் தடத்தின் இரண்டு பக்கமும் ஊர் நிறைந்தது. புதிய வண்டி வேண்டுமென்றால் கூடுதலாக விடட்டும். பயணிகள் சங்கங்கள் இதை விடாமல் கேட்க வேண்டும்.

2031 மே 11 அன்று மின்சார ரயிலுக்கு நூறு வயது. நம்மூரில் ஓய்வுபெற்ற மோட்டார்மேன்கள், கார்டுகள், கார் ஷெட் ஃபிட்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் மீட்டர் கேஜ் காலத்து அட்டை டிக்கெட், பழைய சீசன், கால அட்டவணை, பொத்தான் வைத்த சீருடை, ஷெட்டில் எடுத்த குழுப் படம் ஏதாவது கிடக்கும். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நம் சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தைப் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்தில் சேர்க்க ஏற்பாடு செய்யலாம். பொருள் இல்லாதவர்கள் நினைவைச் சொன்னாலும் போதும், எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறது.